சம்பந்தி வைத்த கல்வெட்டு

என் பெண்ணின் மாமனாரைப் பற்றி எழுதுகிறேன். பெயரை எழுதமாட்டேன். எழுதினால் என்னோடு பேசமாட்டேன் என்று என் பெண் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். தேதிகளையும் எழுதமாட்டேன். நாற்பது வருடமாக நாள் தவறாமல் குறிப்பு எழுதுகிறவன் நான். தேதி போடாத தாள் குப்பைக்குச் சமம் என்று மற்றவர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். இருந்தும் தேதி போட்டால், பாகூர்ப் பக்கம் டவுன் பஸ்ஸில் போகிற எவரும் நான் சொல்லும் நுழைவு வளைவு எது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். தேதிகள் என் நோட்டுகளில் இருக்கின்றன. இங்கே மாதமும் கிழமையும் போதும்.

அவரிடம் ஒரு சொல் இருந்தது. "நம்பளுது."

பெண் பார்க்க அவர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வைகாசி மாதம். ஒதியம்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கியதும் அவர் பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. சுற்றுச்சுவருக்கு மேலே கிளை நீட்டியிருந்த மாமரத்தைப் பார்த்தார்.

"நல்ல காப்பு. நம்பளுதா?"

"இல்லைங்க, பக்கத்து வீட்டுது."

"அதனால இன்னா? நெழலு இங்கதான் வுழுது. நெழலு நம்பளுதுதான்?"

போகும்போது காரின் பின்சீட்டில் நான்கு மாங்காய் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தானே பறித்துக் கொடுத்திருந்தார். நான் முப்பது வருடம் அடுத்த வீட்டில் இருக்கிறேன், எனக்கு ஒரு காய் கொடுத்தவரில்லை அவர். சம்பந்தி அப்படிப்பட்ட மனிதர். அவர் எதையும் திருடவில்லை, பிடுங்கவில்லை. சிரித்துக்கொண்டே "நம்பளுது" என்பார், எதிரில் இருப்பவரும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார்.

மாங்காயோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். எங்கள் வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காருவார். ஏதோ ஒரு கண்டத்தில், ஏதோ ஒரு பாறையில், ஏதோ ஒரு காளையை வரைந்திருப்பார்கள். "நம்பளுது." எங்கேயோ ஒரு பாலைவனத்தில் தாழி தோண்டி எடுப்பார்கள். "நம்பளுது." ஒருமுறை ஜப்பானில் யாரோ கிண்ணத்தில் எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"இடியாப்பம் துன்றான் பாருங்க சம்பந்தி. யாரு கத்துக் குடுத்தது?"

"ஆதாரம் வேணுமில்லைங்களா?" என்றேன்.

நெஞ்சில் கையை வைத்துத் தட்டினார். "தோ, இங்க கீது."

நான் அடங்கிவிட்டேன். பெண் கொடுத்த இடத்தில் அடங்காமல் என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் பெண்ணின் அப்பன் மாப்பிள்ளையின் அப்பனை எதிர்த்துப் பேசுவதில்லை. பேசினால் அது அங்கே முடியாது, பெண்ணின் தட்டில் போய் விழும். அப்படித்தான் என் தலையில் ஏற்றப்பட்டிருந்தது. எத்தனையோ புத்தகம் படித்தும் அது இறங்கவில்லை.

இன்னொன்றையும் இப்போதே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் விட்டுவிடுவேன். ஒரு ஆடி மாதம், வெள்ளிக்கிழமை காலை, என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. முக்கால் மணி நேரத்தில் அவர் காரோடு வந்து நின்றார். மருத்துவமனை நடையில் செய்தித்தாளை விரித்து மூன்று ராத்திரி படுத்தார். டாக்டரிடம் "எங்கூட்டு அம்மா" என்றுதான் சொன்னார். நான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தேன், அவர் போகவில்லை. அந்த "நம்பளுது"வில் என் மனைவியும் அடக்கம். இதை மறந்தால் நான் மனிதனில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் கோபப்படுகிறேன்.

இனி அந்தக் கல்லைப் பற்றிச் சொல்கிறேன்.

பாகூர்ப் பக்கம் அவருக்குக் கரும்பு நிலம் இருந்தது. கல்யாணம் ஆன வருடம், தை மாதம், கரும்பு வெட்டுகிறார்கள் வாருங்கள் என்று அழைத்துப் போனார். மோட்டார் கொட்டாயில் கைகால் கழுவக் குனிந்தபோது காலடியில் எழுத்தைப் பார்த்தேன். ஆள் நீளத்துக்கு ஒரு பலகைக்கல். குழாயிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் அதைப் படுக்கப் போட்டிருந்தார்கள். வேலைக்கு வரும் பெண்கள் அதன்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாதியை உளி வைத்துக் கொத்தியிருந்தார்கள்.

"எழுத்து புடிச்சி துணி கிழியுதுன்னு சொன்னோம் சார். அதான் ஐயா கொத்த வுட்டாரு" என்றாள் துவைத்துக்கொண்டிருந்த அம்மாள், நல்லது செய்த ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல.

மீதிப் பாதியில் எழுத்து இருந்தது. பழைய எழுத்தை நான் தட்டுத் தடுமாறித்தான் படிப்பேன், தபால்வழிப் பாடத்தில் கற்றது. சோப்பு நுரையை வழித்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து படித்தேன். ஏரி என்று இருந்தது. மதகு என்று இருந்தது. யாரோ எதற்கோ நிலம் விட்டிருக்கிறார்கள். மேலே, முதல் வரியில், ராஜாவின் பெயரில் கடைசி இரண்டு எழுத்தும் அதை அடுத்து "யாண்டு" என்ற சொல்லும் தெளிவாக இருந்தன. அந்தச் சொல்லுக்குப் பிறகு எண் வரும். அந்த ராஜா பட்டத்துக்கு வந்து எத்தனையாவது வருடம் என்று சொல்லும் எண் அது, கல்லின் வயதுக்கே சாவி. எண் இருக்கவேண்டிய இடத்தில் குழாயை நிறுத்தப் பூசிய சிமெண்ட் இருந்தது. உள்ளங்கை அகலம். அவ்வளவுதான்.

என்னைப் போன்ற ஒருவனுக்கு அது என்ன வேதனை என்று சொன்னால் சிரிப்பீர்கள். பல நூறு வருடத்துக்கு முன் ஒருவன் ஒரு ஏரிக்கு நல்லது செய்துவிட்டு, இன்ன வருடம் என்று அக்கறையாக வெட்டி வைத்திருக்கிறான். அதை மறைத்து ஒன்றரை அங்குலக் குழாய் நிற்கிறது.

"சம்பந்தி, இந்த சிமெண்டைக் கொஞ்சம் பேத்துப் பாக்கலாமா?"

"மோட்டாரு மாத்தும்போது பாத்துக்கலாம் சம்பந்தி. இன்னா, கல்லுதான். எங்க பூடும்?"

கவனித்தீர்களா? உலகத்தில் எதைப் பார்த்தாலும் நம்பளுது என்கிற மனிதர், பட்டாவோடு தன்னுடையதாக இருந்த அந்த ஒன்றைக் காட்டியபோது மட்டும் "கல்லுதான்" என்றார்.

அடுத்த மாதம் நானே போனேன். சொல்லாமல் போனது என் தப்பு. ஒரு புதன்கிழமை, அளவு நாடா, நோட்டு, எழுத்தைப் படியெடுக்கக் கரித்துண்டு, பெரிய தாள் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். கல்லின் நீள அகலம் எடுத்துக்கொண்டிருந்தபோது வரப்பில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சம்பந்தியின் தம்பி. என்னைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் பேச்சு ஊர் முழுக்கப் போய்விட்டது: பொண்ண குடுத்த ஈரம் காயல, அதுக்குள்ள பங்கு அளக்க வந்துட்டாரு அப்பன்காரரு. என் பெண் அழுதுகொண்டே போன் செய்தாள். சம்பந்தி மட்டும் சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் உட்கார்ந்த பந்தியில், சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்:

"இன்னா சம்பந்தி, எங்க மருமவ பங்கு எத்தினி குழி வருது? கணக்கு முடிஞ்சிதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் வேடிக்கைக்குத்தான் கேட்டார், வஞ்சகம் கிடையாது. நான் நாடாவைச் சுருட்டி வைத்தவன்தான், பிறகு எடுக்கவில்லை. தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். உறையில் போட்டுத் தபால்தலையும் ஒட்டினேன். அனுப்பவில்லை. அதிகாரி வந்து நிலத்தில் நின்றால் யார் சொல்லி வந்தார் என்று கேட்பார்கள். அந்த உறை இன்னும் என் நோட்டுக்குள் இருக்கிறது. இந்தக் கோபத்தில் ஒரு பங்கு எனக்குரியது. அதை நானே எடுத்துக்கொள்கிறேன், யாரும் அளந்து தரவேண்டாம்.

பிறகு மாப்பிள்ளைக்கு மெக்சிகோவில் வேலை கிடைத்தது, கம்ப்யூட்டர் கம்பெனியில். மெரிதா என்று ஒரு ஊர். புதுச்சேரி மாதிரியே வெயில், புழுக்கம். பேரனின் முதல் பிறந்தநாளுக்கு எங்கள் இருவரையும் டிக்கெட் போட்டு வரவழைத்தார்கள். என் மனைவியால் அவ்வளவு தூரம் உட்கார முடியாது. சம்பந்தி அம்மாள் ஆகாயத்தில் ஏறமாட்டேன் என்றுவிட்டார். இரண்டு கிழவர்கள் போனோம்.

அங்கே மாயர்கள் கட்டிய பழைய ஊர்கள் காட்டுக்குள் கிடக்கின்றன. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். ஒரு சனிக்கிழமை, காலை ஆறு ஐம்பதுக்கு வேனில் கிளம்பினோம். என் பெண் புளிச்சோறு கட்டியிருந்தாள். மாப்பிள்ளை குழந்தையோடு வீட்டிலேயே இருந்துகொண்டார். இரண்டு மணி நேரம் இரண்டு பக்கமும் காடு, வேறொன்றும் இல்லை. நம் காடு மாதிரி உயரமில்லை. முள்ளும் கொடியும் புதருமாக, வழிவிடாத காடு. பெயர் பெற்ற பெரிய இடத்துக்கு எங்களைக் கூட்டிப்போகவில்லை, கூட்டமில்லாத சின்ன இடம். மரங்களுக்கு நடுவில் திடீரென்று படிக்கட்டு தெரிந்தது. வானத்தை நோக்கி ஏறும் படிக்கட்டு, அதன் உச்சியில் ஒரு கல்வீடு, அதன் தலையில் வேர் விட்டு நின்ற ஒரு மரம்.

சம்பந்தி நின்றார். அப்புறம் செருப்பைக் கழற்றினார், சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினார். அந்தச் சரளைத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பொய்யான அழுகை இல்லை. நான் பக்கத்தில் நின்றேன், எனக்குத் தெரியும்.

"நம்பளுது சம்பந்தி" என்றார். "கோபுரம் பாருங்க. படி பாருங்க. நம்ப ஆளுதான் வந்து கட்டிக் குடுத்துட்டுப் போயிருக்கான்."

வழிகாட்டி குட்டையான மனிதர், வயது ஐம்பது இருக்கும். ஸ்பானிஷில் சொல்வார், என் பெண் தமிழில் சொல்வாள். சம்பந்தி கேட்கச் சொன்னார்: "இத்த கட்டன ஜனங்கல்லாம் இன்னா ஆனாங்க? அழிஞ்சி பூட்டாங்களா?"

என் பெண் கேட்டாள். வழிகாட்டி தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். என் பெண் சிரித்துவிட்டாள்.

"நான் அழிஞ்ச மாதிரி தெரியுதா, காலைல எங்கம்மாகிட்ட அந்த பாஷைலதான் சண்ட போட்டுட்டு வந்தேன்ங்கறார் மாமா."

சம்பந்தியின் காதில் அது விழவில்லை. "யம்மா, அவன்கிட்ட சொல்லு. இத்த கட்டனது நாங்கன்னு சொல்லு. தமிழன்னு அடிச்சி சொல்லு."

என் பெண் என்னைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன். அவள் வழிகாட்டியிடம் ஒரு வாக்கியம் சொன்னாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சம்பந்தியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார், தன் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

"பாத்தீங்களா சம்பந்தி! ஒத்துக்கினான்!"

சற்றுப் பின்தங்கி நடந்து பெண்ணிடம் கேட்டேன். "என்னடி சொன்ன?"

"உங்க முன்னோருங்க கட்டனத பாத்து எங்க மாமா அழுதுட்டாருன்னு சொன்னேன். பொய் இல்லியேப்பா."

"உங்க மாமாகிட்ட உண்மையச் சொல்ல வேணாமா?"

"நீ சொல்லேன்."

நான் சொல்லவில்லை. எனக்கு முன்னால் ஊருக்குத் திரும்பியதும் பாகூரில் டீக்கடை, கோயில், கல்யாணப் பந்தி எங்கேயும் அவர் இதைத்தான் சொன்னார். அந்த ஊர்க்காரனே கையைப் புடிச்சிக்கினு ஒத்துக்கினான். தன் தாயோடு தன் மொழியில் சண்டை போட்டுவிட்டு வந்த ஒரு மனிதனின் பாட்டன் சொத்தை, அவன் வாயாலேயே எழுதி வாங்கி வந்ததாகப் பேசினார். ஒவ்வொரு முறையும் மெரிதாவிலேயே இருந்த என்னை வீடியோ காலில் கூப்பிட்டுச் சாட்சிக்குக் காட்டினார்: "சம்பந்தி பக்கத்துலதான் இருந்தாரு, கேளுங்க." நான் தலையாட்டியிருக்கிறேன். எத்தனை முறை என்று குறித்து வைக்கவில்லை. அன்றுவரை நான் குறிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை மதியம் படிக்கட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். நான்கு கழி நட்டு, மேலே பனை மாதிரி ஓலை வேய்ந்த சின்னக் கூரை. அதன் நிழலில் நட்டு வைத்த ஒரு கல், ஆள் உயரம், முழுக்க உருவங்கள். சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கல்லின் ஓரத்தில் மேலிருந்து கீழாகப் புள்ளியும் கோடுமாக ஓடியது. வழிகாட்டி அதைத் தொடாமல் விரலால் காற்றில் எண்ணிக் காட்டினார். அது தேதி என்றார். இவர்கள் காலத்தை ஆரம்ப நாள் ஒன்றிலிருந்து எண்ணியவர்கள். இந்தக் கல் நட்ட நாள் அதிலிருந்து எத்தனையாவது நாள் என்று கல்லிலேயே கணக்கு வெட்டியிருக்கிறது, ஒரு நாள் பிசகாமல்.

நானும் அவரோடு சேர்ந்து விரலால் எண்ணிப் பார்த்தேன். என்னைப் போன்றவர்கள் ஒரு ஊர் முழுக்க வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் தேதியை வெட்டி வைத்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் அதற்கு ஓலை வேய்ந்து மழையிலிருந்து காக்கிறார்கள். என் ஊர்க்கல்லின் தேதிமேல் ஒன்றரை அங்குலக் குழாய் நிற்கிறது.

இந்தச் சமயத்தில் விசில் சத்தம். சம்பந்தி கயிற்றைத் தாண்டிப் போய் அந்தக் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். காவலாள் ஓடிவந்து கையைப் பிடித்து வெளியே விட்டான்.

திரும்பும்போது வேனில் எனக்குத் துணிச்சல் வந்தது. அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, நம்ம மோட்டார் கொட்டாய்க் கல்லுக்கும் இப்படி ஒரு கூரை போடலாம். அந்தச் சிமெண்டைப் பேத்துட்டு, நிக்க வெச்சு."

"எந்தக் கல்லு? தொவைக்கிற கல்லா?"

"அதுலயும் தேதி இருக்குங்க. நம்ம ஏரியப் பத்தி இருக்கு."

"அட, சொல்லவே இல்லியே! போட்டுடுவோம் சம்பந்தி. ஊருக்குப் போனதும் மொத வேல அதான். ஓலையா? தகரமே போட்டுடுவோம்." என் தொடையில் தட்டினார். புளிச்சோற்றுக் கை. அந்தக் கறை போகவில்லை.

வாக்குக் கொடுத்த நேரத்தையும் அன்றே குறித்துவைத்தேன்: சனிக்கிழமை, மாலை நாலு இருபது.

கரும்பு வெட்டுக்கு ஆள் வேண்டுமென்று அவர் இரண்டு வாரத்தில் கிளம்பிவிட்டார். நான் பேரனோடு இன்னும் இரண்டு மாதம் இருந்தேன். திரும்பி வந்த நான்காம் நாள், ஒரு வியாழக்கிழமை, வில்லியனூரில் பஸ் ஏறிப் போனேன்.

கரும்பு இல்லை. வரப்பு இல்லை. மோட்டார் கொட்டாய் இல்லை. செம்மண் கொட்டிச் சமப்படுத்தி, வரிசையாக வெள்ளைக் கல் நட்ட மனைப்பிரிவு. ரோட்டோரம் பெரிய வளைவு. இரண்டு தூணும் படிப்படியாக ஏறும் பிரமிடு, மெரிதா பக்கத்தில் பார்த்தது மாதிரியே. சந்தன நிறம், ஓரத்துக்கு ரோஸ். நகரின் பெயரையும் அந்தப் பயணத்திலிருந்துதான் எடுத்திருந்தார். ஷாமியானாவில் சம்பந்தி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மனை பார்க்க வந்தவர்களுக்கு இளநீர் வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தம்பி.

"வாங்க சம்பந்தி, வாங்க! எப்டி கீது நம்ப பிரமிடு?"

"கல்லு எங்க?"

"எந்தக் கல்லு?"

"மோட்டார் கொட்டாய்க் கல்லு."

அவர் யோசித்தார். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே யோசித்துத்தான் கண்டுபிடித்தார்.

"ஆ, அதா! தோ, அடியிலதான் கீது. ஜேசிபிகாரன் கைல ரெண்டா பூடிச்சி. தூணு அஸ்திவாரத்துல போட்டுட்டோம். செம கெட்டி சம்பந்தி. இனிமே இந்த ஆர்ச்ச எவனும் அசைக்க முடியாது."

"எழுத்து இருந்துதே."

"எழுத்து எங்க பூடும்? அடியில பத்திரமா கீது. நம்பளுதுதான்?"

நான் கத்தினேன். வாழ்க்கையில் முதல்முறையாகச் சம்பந்தியிடம் கத்தினேன். சனிக்கிழமை நாலு இருபதுக்கு வாக்குக் கொடுத்தீர்கள் என்று கத்தினேன். அடுத்தவன் கல்லைக் கட்டிப் பிடித்து அழுதீர்கள், உங்கள் கல்லை ஜல்லியாக்கிவிட்டீர்கள் என்று கத்தினேன். இளநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"மணியெல்லாமா எழுதி வெச்சிருக்காரு?" என்றார் தம்பி. "ஏன் சார், ஒரு தொவைக்கிற கல்லுக்கு இம்மாம் சத்தம்? பொண்ணு குடுத்த எடம் இது. அன்னிக்கு நாடா புடிச்சீங்க, இன்னிக்கு தொண்டையப் புடிக்கிறீங்க."

சம்பந்தி தம்பியை அடக்கினார். எழுந்து என் தோளைப் பிடித்துத் தூணுக்கு அழைத்துப் போனார். "கோவப்படாதீங்க. தோ, இத்தப் பாருங்க. பாத்தா கோவமே வராது."

தூணில் கறுப்புக் கருங்கல் பதித்த கல்வெட்டு. தங்க எழுத்து. திறப்பு விழா நாள், மாதம், கிழமை, காலை பத்து மணி. திறந்து வைத்தவர் பெயர். தலைமை வகித்தவராக அவர் பெயர். அதற்குக் கீழே "முன்னிலை" என்று போட்டு என் பெயர், முதலெழுத்தோடு. பெயருக்குப் பக்கத்தில் "வரலாற்று ஆய்வாளர்".

"உங்க பேரு இல்லாம நான் கல்லு வெப்பனா சம்பந்தி?" என்றார்.

அந்தத் தேதியை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பாகூரில் காலை பத்து மணி என்றால் மெரிதாவில் முந்தின நாள் ராத்திரி பத்தரை. அவர்கள் நாடா வெட்டிய நேரத்தில் நான் பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். பாகூர் எங்கே, நான் எங்கே? கல்லில் வெட்டியிருக்கும் அந்தத் தேதியே அப்போது எனக்கு இன்னும் பிறந்திருக்கவில்லை.

"என் பேர எடுங்க" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. கல் உடைந்ததற்கு விழாத முகம், வாக்கு தவறியதற்கு விழாத முகம். கண்ணில் நீர் கட்டியது, அந்தப் படிக்கட்டுக்கு முன்னால் கட்டிய அதே நீர்.

"ஆசையா வெச்சேன்."

"எடுங்க."

"எடுத்துடறேன். தை பொறக்கட்டும்."

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு முறை போன் செய்தார், நான் எடுக்கவில்லை. அந்த இரண்டு தேதியும் இருக்கின்றன. மார்கழிக் கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகாலுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. என் மனைவி வாய்விட்டு அழுதாள். நான் அழுதேனா என்று நோட்டில் இல்லை.

காரியம் முடிந்த பதினாறாம் நாள், தம்பியிடமும் மாப்பிள்ளையிடமும் மெதுவாகத்தான் கேட்டேன். கல்லைத் தோண்டச் சொல்லவில்லை, அது நடக்காதென்று தெரியும். என் பெயர் இருக்கும் ஒரு வரியை மட்டும் தேய்த்துவிடுங்கள் என்றேன்.

தம்பி அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார். "செத்தவரு வெச்ச கல்வெட்டுல யாராச்சும் கை வெப்பாங்களா சார்? நீங்க படிச்சவரு. எழுத்து வெட்டன கல்லு சார் அது."

மாப்பிள்ளை தலை குனிந்துகொண்டே சொன்னார்: "அப்பா ஞாபகமா அது ஒண்ணுதான் மாமா இருக்கு."

கேலி இல்லை. இருவரும் மனதாரச் சொன்னார்கள். அதனால்தான் எனக்கு இன்னும் எரிகிறது.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை அந்த வழியாகப் போகிறேன். போகாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. கல்வெட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை போடுகிறார்கள். வெயிலில் தங்க எழுத்து மங்குகிறதென்று, சென்ற பங்குனியில், அதன்மேல் ஒரு கூரையும் போட்டுவிட்டார்கள். தகரக் கூரை.

அதற்கு நேர் கீழே, மூன்றடி ஆழத்தில், இரண்டு துண்டாகக் கிடக்கிறது மற்றது. "யாண்டு" என்ற சொல்லுக்குப் பிறகு வந்த எண் எது என்று இனி எவருக்கும் தெரியாது.

கறுப்புக் கருங்கல் லேசில் தேயாது. என்றாவது ஒரு நாள் என்னைப் போன்ற ஒருவன் அளவு நாடாவும் நோட்டுமாக அங்கே வந்து குந்துவான். எழுத்தெழுத்தாகப் படிப்பான். தேதி தெளிவாக இருக்கிறதென்று சந்தோஷப்படுவான். வரலாற்று ஆய்வாளர் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கவே இது நடந்தது என்று எழுதிக்கொள்வான். அவன் கையில் இந்தத் தாள் கிடைக்கவேண்டும். அதற்காகத்தான் எழுதினேன்.

நாடாவோடு வந்து இதைப் படிக்கும் தம்பி, அன்று நான் அங்கே இல்லை.